கெட்டுப்போகும் பெட்ரோல்!

பால் கெட்டுப்போகும். மாவு புளித்துப்போகும். மழைக் காலத்தில் கருவாடுகூடக் கெட்டுப்போகும்.

பெட்ரோல் கெட்டுப்போகுமா?

போகும்!

"பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எண்ணெய் ஆயிற்றே! அது எப்படிக் கெடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூமிக்கு அடியில் கிடந்தவரை அதன் மேல் காற்றுப் படவில்லை. வெயில் படவில்லை. அதை வெளியே எடுத்து, காய்ச்சி, பிரித்து, பெட்ரோல் ஆக்கிய பிறகுதான் வம்பு ஆரம்பம்.

இந்த வம்பில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறவர்கள் கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் அல்ல. மருந்து அடிக்கும் மிஷின் வைத்திருக்கும் விவசாயிகள்!

செட்டிகுளத்தில்...

செட்டிகுளம், பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் தாலுகாவில் இருக்கிறது. திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கி மேற்கே போக வேண்டும். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோவில். குன்றின் மேல் தண்டாயுதபாணி கோவில். இங்கே முருகன் கையில் கரும்பு வைத்திருக்கிறார்! (அந்தக் கரும்புக்கும் நம் பெட்ரோலுக்கும் இப்போது உறவு ஏற்பட்டிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.)

செட்டிகுளம் என்றதும் வியாபாரிகளுக்கு நினைவுக்கு வருவது சின்ன வெங்காயம். சுற்று வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு.

2018-ம் ஆண்டு, மக்காச்சோளத்துக்குப் புதிதாக ஓர் எதிரி வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து ஆப்பிரிக்கா வழியாக வந்து சேர்ந்த படைப்புழு! கர்நாடகத்தில் முதலில் கண்டார்கள். அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளக் காடுகளிலும் புகுந்து நாசம் செய்தது.

இந்தப் புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சின்னப் புழுவாக இருக்கும்போதே மருந்து அடித்தால்தான் பிடிபடும். வளர்ந்து உள்ளே இறங்கிவிட்டால் மருந்து எட்டாது. ஆகவே, நாலு நாள் தாமதம் ஆனாலும் நஷ்டம்தான்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது?

பரண் மேல் இருந்த பவர் ஸ்பிரேயரை இறக்குகிறார்கள். தூசி தட்டுகிறார்கள். டேங்கில் போன பருவத்துப் பெட்ரோல் பாதி இருக்கிறது. "நல்லதாப் போச்சு" என்று கயிற்றை இழுக்கிறார்கள்.

ஒரு இழு. இரண்டு இழு. இருபது இழு!

மிஷின் இருமுகிறது. கிளம்ப மாட்டேன் என்கிறது. தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போக வேண்டியதாகிறது.

"போன தடவை நல்லாத்தானே ஓடுச்சு தம்பி?"

"பெட்ரோல் எத்தனை மாசமா உள்ளே கெடக்கு மாமா?"

"அது கெடக்குது, ஆறு ஏழு மாசமா. ஏன், பெட்ரோலுக்கு என்ன?"

பெட்ரோலுக்குத்தான் எல்லாமே!

சுள்ளியும் கட்டையும்

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல நூறு வகை எண்ணெய்களின் கலப்பு. அதில் சில மிகவும் லேசானவை. 40 டிகிரி சூடு வந்தாலே ஆவியாகப் பறந்துவிடும். சில கனமானவை. அவை ஆவியாக 200 டிகிரிக்கு அருகில் சூடு வேண்டும்.

விறகு அடுப்பு மூட்டிய தாய்மார்களுக்கு இது சுலபமாகப் புரியும். எடுத்தவுடன் பெரிய கட்டையில் தீ பிடிக்குமா? பிடிக்காது. முதலில் சுள்ளி வேண்டும். சுள்ளி பற்றிக்கொண்டால், அது கட்டையைப் பற்ற வைக்கும்.

பெட்ரோலிலும் அப்படித்தான். லேசான எண்ணெய், சுள்ளி. கனமான எண்ணெய், கட்டை. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் முதல் பொறி விழும்போது பற்றிக்கொள்வது சுள்ளிதான்.

டேங்க் மூடியில் சிறு துவாரம் இருக்கும். பகல் சூட்டில் சுள்ளி எண்ணெய் அந்தத் துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து போகிறது. தகரக் கொட்டகையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சில மாதம் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கட்டை எண்ணெய். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எப்படிப் பற்றும்?

இது முதல் கெடுதல். இரண்டாவது கெடுதல் இதைவிட மோசமானது.

பிசின்!

பெட்ரோலோடு காற்று சேர்ந்தால், அதில் உள்ள சில எண்ணெய்கள் பிராண வாயுவோடு கலந்து பிசின் ஆகின்றன. நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவாமல் பல நாள் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் பிசுக்குப் பிடித்து, நகத்தால் சுரண்டினாலும் வராது அல்லவா? அதே கதைதான்.

இந்தப் பிசின் எங்கே போய் உட்காருகிறது தெரியுமா? கார்புரேட்டரில் 'ஜெட்' என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் துவாரம் ஊசி முனை போல இருக்கும். அந்த வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போக வேண்டும். பிசின் அந்தத் துவாரத்தை அடைத்துவிடுகிறது.

இப்போது நீங்கள் புதுப் பெட்ரோலே ஊற்றினாலும் வண்டி ஓடாது! கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

ஸ்பிரேயரில் இன்னொரு சங்கடம். அந்த எஞ்சின் 'டூ ஸ்ட்ரோக்' வகை. பெட்ரோலோடு எஞ்சின் ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் பறந்துபோகும். ஆயில் பறக்காது. ஆகவே நாள் ஆக ஆக, கலவையில் ஆயிலின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. பிளக் கரி பிடிக்கிறது. புகை கக்குகிறது. களை எடுக்கும் பவர் வீடர், புல் வெட்டும் மிஷின் எல்லாம் வருஷத்தில் சில வாரமே ஓடுகிறவை. மற்ற நாளெல்லாம் மூலையில் தூங்குகிறவை. ஆகவே, தினமும் ஓடும் காரைவிட இவைதான் பழைய பெட்ரோலுக்கு அதிகமாகப் பலியாகின்றன.

கெட்ட பெட்ரோலை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கும் கண்ணும் போதும். புதுப் பெட்ரோலின் வாடை சுரீர் என்று இருக்கும். பழையது வார்னிஷ் போலப் புளித்த வாடை அடிக்கும். நிறம் தேநீர்ப் பக்கம் திரும்பியிருக்கும்.

வெங்காயத்துக்கு நேர் எதிர்

செட்டிகுளத்துக்காரர்களுக்கு வெங்காயத்தை எப்படிப் பாதுகாப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கிறார்கள். அடியில் காற்றுப் போக வேண்டும். பக்கத்தில் காற்றுப் போக வேண்டும். காற்று இல்லாவிட்டால் அழுகிவிடும்.

பெட்ரோல் இதற்கு நேர் எதிர். காற்றுப் பட்டால் கெடும். இறுக மூடி, நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஆறு மாதம்வரைகூடத் தாங்கும். பாதி காலியான டேங்கில், வெயிலில் நிற்கும் வண்டியில் ஒன்றிரண்டு மாதத்திலேயே தகராறு ஆரம்பிக்கலாம்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். நாடு முழுவதும் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. தளர்வு வந்ததும் பல வண்டிகள் கிளம்ப மறுத்தன. பாட்டரி இறங்கியது ஒரு காரணம். டேங்கில் கிடந்த பெட்ரோல் இன்னொரு காரணம்.

ஊரடங்கு இல்லாமலே பல வீடுகளில் இந்தக் கதை நடக்கிறது. பிள்ளை சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறான். ஆசையாக வாங்கிய மோட்டார் சைக்கிள் திண்ணையில் நிற்கிறது. அம்மா துணி போட்டு மூடி வைக்கிறாள். தினமும் துடைக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து வந்து உதைத்தால் அசையவில்லை. துடைத்தது எல்லாம் வெளியே. கெட்டது உள்ளே!

வெயிலுக்கு வேறு, குளிருக்கு வேறு

சுள்ளி அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அதிலும் ஆபத்து உண்டு.

சித்திரை வெயிலில் எஞ்சின் கொதிக்கும்போது, சுள்ளி எண்ணெய் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். எண்ணெயைத் தள்ள வேண்டிய பம்பு, வெறும் ஆவியைத் தள்ளும். வண்டி நட்ட நடு ரோட்டில் நின்றுவிடும். இதை 'வேப்பர் லாக்' என்பார்கள்.

அம்பாசிடர் கார் ஓட்டிய பழைய டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலை ஏறும்போது கார் நின்றால், பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பம்பு குளிரும். குமிழி அடங்கும். கார் கிளம்பும். பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுவது போல இருக்கும்!

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. இப்போதைய கார்களில் பம்பு டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதிக அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. ஆகவே ஈரத் துணிக்கு வேலை இல்லை.

ஆனால், வெயில் காலப் பெட்ரோல் வேறு, குளிர் காலப் பெட்ரோல் வேறு என்ற ஏற்பாடு இன்னும் இருக்கிறது. நம் நாட்டுத் தர விதியிலேயே, எளிதில் ஆவியாகும் தன்மைக்கு மே முதல் ஜூலைவரை ஓர் அளவு, மற்ற மாதங்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கோடையில் கட்டுப்பாடு அதிகம். நாம் போடும் பெட்ரோலில் பருவத்துக்குப் பருவம் மாறுதல் இருக்கிறது என்பது பங்கில் வரிசையில் நிற்கும் நமக்குத் தெரிவதே இல்லை.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு மிகவும் பெரியது. அங்கே பங்குகளில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை கோடைப் பெட்ரோல்தான் விற்க வேண்டும். வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. பெட்ரோல் ஆவி வெயிலில் புகைமூட்டம் உண்டாக்குகிறது. அதைத் தடுக்கவே இந்தச் சட்டம். குளிர்காலம் வந்தால் 'பியூட்டேன்' என்ற லேசான பொருளை அதிகம் சேர்க்கிறார்கள். நம் வீட்டு காஸ் சிலிண்டரில் இருக்கிறதே, அந்த பியூட்டேன்தான். கனடாவில் டொராண்டோ நகரில் வாழும் தமிழர்கள் உறைபனியிலும் காலையில் காரைக் கிளப்பி வேலைக்குப் போவது இந்தச் சுள்ளியின் தயவால்தான்.

டீசலுக்கு வேறு விதமான நோய். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்துவிடும். லடாக்கில் லாரிக்காரர்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கு என்று தனி டீசல் கொண்டுவந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரிவரை அது உறையாது. செட்டிகுளத்துக்கு அந்தக் கவலை இல்லை!

முருகன் கைக் கரும்பு

இப்போது கரும்புக்கு வருவோம்.

கரும்பில் இருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகில் இருந்து சாராயம் காய்ச்சுகிறார்கள். அதை நீர் இல்லாமல் சுத்தம் செய்தால் கிடைப்பது எத்தனால். இதைப் பெட்ரோலோடு கலக்கிறார்கள். இது புதிய யோசனை அல்ல. 1948-லேயே இதற்கு இந்தியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். 2003-ல் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு கலக்கும் திட்டம் வந்தது. 2022-ல் நாடு முழுவதும் சராசரி 10 பங்கு ஆயிற்று. 2023 பிப்ரவரியில் 20 பங்கு கலந்த பெட்ரோல் அறிமுகம். 2025-ல் நாடு முழுவதும் அந்த 20 பங்கு எட்டப்பட்டது.

கரும்பு மட்டும் போதவில்லை. உடைந்த அரிசியில் இருந்தும் மக்காச்சோளத்தில் இருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். 2023-24 எத்தனால் ஆண்டில் மக்காச்சோளம் கரும்பையே முந்திவிட்டது. படைப்புழுவிடம் இருந்து காப்பாற்ற வேண்டிய மக்காச்சோளமே, மருந்து மிஷினின் வயிற்றுக்கும் போகலாம் என்ற நிலை வந்திருக்கிறது. வேடிக்கைதான்!

இதனால் வண்டிக்கு என்ன ஆகும்?

மைலேஜ் கொஞ்சம் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையில், பழைய வகைக் கார்களுக்கு நூற்றுக்கு 6 முதல் 7 வரையும், இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 வரையும் குறையலாம் என்று கூறியிருக்கிறார்கள். 20 பங்குக்கு என்று திருத்தி அமைத்த புதிய கார்களுக்கு 1 அல்லது 2 தான். பதிலுக்கு ஒரு நன்மையும் உண்டு. எத்தனால் கலந்தால் எஞ்சினில் தட்டும் சத்தம் குறையும்.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கேட்டு ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2025 செப்டம்பர் 1-ந் தேதி அந்த மனு தள்ளுபடி ஆயிற்று. ஆகவே, பங்கில் கிடைப்பதை வைத்துக்கொண்டு நம் வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நம் பாடு.

கவனிக்க வேண்டியது நீர். பெட்ரோலும் நீரும் ஒட்டாது. ஆனால் எத்தனாலுக்கு நீர் என்றால் உயிர்! கொஞ்சம் நீர் சேர்ந்தால், எத்தனால் அதைத் தன்னோடு அணைத்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடிவிடும். நீர் அளவுக்கு மேல் போனால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு, நீரோடு சேர்ந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். குழாய் உறிஞ்சுவது அடியில் இருந்துதானே? எஞ்சினுக்குப் போவது தண்ணீரும் சாராயமும்!

மழையில் நனைய விட்ட வண்டி, மூடி சரியாக மூடாத ஸ்பிரேயர், ரப்பர் வளையம் கிழிந்த டேங்க், இவற்றுக்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த ஆபத்து உண்டு. மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தின் விலை அற்பம். அதை மாற்றச் சோம்பல்பட்டு கார்புரேட்டருக்குச் செலவு செய்கிறவர்கள் அநேகம். பழைய வண்டிகளில் குழாயையும் பார்க்க வேண்டும். எத்தனால் பட்டால் பழைய வகை ரப்பர் ஊதிப்போகும், வெடிப்பு விடும். குழாய் கசிந்தால் தீ விபத்து வரும்.

விடிகாலையில் போடலாமா?

"விடிகாலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. பெட்ரோல் சூட்டில் விரிவது உண்மை. 10 டிகிரி கூடினால் நூற்றுக்கு 1 பங்கு விரியும். ஆனால் பங்கில் பெட்ரோல் இருப்பது பூமிக்கு அடியில். அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு அதிகம் மாறாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பங்கில் வாங்கும் பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால், வடிதாள் கேட்கலாம். வடிதாளில் ஒரு சொட்டு விட்டால், இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். கறை நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். இந்தத் தாளைக் கேட்டு வாங்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

மருந்து அடித்து முடித்து மிஷினை எடுத்து வைக்கிறீர்களா? டேங்கில் இருப்பதை முழுவதும் ஊற்றிவிடுங்கள். பிறகு எஞ்சினை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் இருக்கும் மிச்சமும் தீர்ந்து, தானாக நிற்கும். இவ்வளவுதான் வைத்தியம். அடுத்த பருவத்தில் புதுப் பெட்ரோல், புது ஆயில். சில நிமிட வேலை. இருபது இழுப்பு மிச்சம்!

மோட்டார் சைக்கிள் ஒன்றிரண்டு மாதம் நிற்கப் போகிறது என்றால், டேங்கை நிரப்பி நிறுத்துவது மேல். டேங்கில் காற்றுக்கு இடம் இல்லை என்றால் துருவும் குறைவு, ஆவியும் குறைவு. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால், பெட்ரோலை இறக்கிவிட வேண்டும். பழைய வகை வண்டியாக இருந்தால் கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து அதையும் வடித்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை யாராவது கடைத்தெருவரை ஓட்டிவிட்டு வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பெட்ரோலை வீட்டில் சேர்த்து வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தே தீரவேண்டும் என்றால், அதற்கென்று செய்த கேனில் வையுங்கள். கலர் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் வைக்கவே வைக்காதீர்கள். தாகம் என்று குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் அடுப்பைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு வரும்! ஆகவே சமையல் கட்டுப் பக்கம் கூடாது. சாமி விளக்கு எரியும் இடத்திலும் கூடாது.

கெட்ட பெட்ரோலை என்ன செய்வது? லேசாகப் பழையது என்றால், புதுப் பெட்ரோல் நிறைய இருக்கும் டேங்கில் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம். வார்னிஷ் வாடை அடித்தால் கலக்கக் கூடாது. ஒர்க் ஷாப்பில் பழைய ஆயில் சேர்த்து வைப்பார்கள். அங்கே கேட்டுக் கொடுத்துவிடலாம். கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் குடிக்கும் தண்ணீருக்குள் போய்விடும். குப்பையைக் கொளுத்தவும் அதை ஊற்ற வேண்டாம். கையும் முகமும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

கேன் மேல் ஒரு சீட்டு ஒட்டி, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் எழுதிக் கொடுக்கும்.